பெண் பார்க்கும் கோபுரம்

அக்கா,

சட்டையை இருமுறை துவைத்தாகிவிட்டது. வௌவால் நாற்றம் போக மாட்டேன் என்கிறது. அம்மா இதற்கென்றே ஈரோட்டில் எடுத்த சந்தனக் கலர் சட்டை. கோபுரத்துக்குள் இருட்டுப் படியில் ஏறும்போது தோள் சுவரில் உரசியிருக்க வேண்டும். அந்த நாற்றத்தை உனக்கு விளக்கத் தேவையில்லை. புளித்த மாவு, மூத்திரம், ஊறிய சுண்ணாம்பு எல்லாவற்றையும் டப்பாவில் அடைத்து வெயிலில் வைத்த மாதிரி. நீதான் அதற்குப் பேர் வைத்தவள். "ராசா காலத்துக் கக்கூஸ்டா இது."

ஆமாம், அதே கோபுரம்தான். போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெண் பார்க்க அங்கேதான் போனோம். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, கடைசியில் மூச்சு மருந்துப் பம்ப்பைத் தேடியிருப்பாய். உன் சிரிப்பு எப்போதும் அந்த ஸ்டாப்பிங் எல்லாவற்றிலும் நின்றுதான் போகும்.

எடப்பாடி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் கோபுரம் கரட்டுக் குன்றின் உச்சியில் நட்டு வைத்த கட்டைவிரல் மாதிரி தெரியும். கிட்டே போனால் பெரிதாக ஒன்றுமில்லை. வட்டமான கல் கட்டடம், உள்ளே சுற்றிச் சுற்றி ஏறுகிற படி, மேலே இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர். எந்த ராஜா கட்டினார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பகை வந்தால் உச்சியில் தீ மூட்டிக் காட்டுவார்களாம். அடிவாரத்துப் பலகையில் நாலு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். சுவரில் கிறுக்காதே, குப்பை போடாதே, குரங்குக்குத் தீனி வைக்காதே என்று மூன்று வரி. மிச்சம் ஒரு வரிதான் வரலாறு. சுவர் முழுக்கக் காதலர்கள் பேரைக் கரியால் எழுதி அம்பு விட்டிருக்கிறார்கள். கீழே கரும்புச்சாறு, உப்பு மிளகாய் தடவிய மாங்காய், கார் நிறுத்த இடம். சுற்றுலாத் தலம் ரெடி.

பெண் பார்க்க இதைவிட வசதியான இடம் நம் பக்கத்தில் கிடையாது என்பது தரகரின் கொள்கை. உனக்கு மாப்பிள்ளை கொண்டுவந்த அதே தரகர்தான், இன்னும் அதே டிவிஎஸ், அதே கைப்பை. வீட்டில் வைத்துப் பார்த்தால் தெருவுக்கே தெரிந்துபோகும். கோயிலில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லச் சாமி முன்னால் நாக்குக் கூசும். கோபுரத்தில் அந்தத் தொல்லை இல்லை. "புடிச்சாச் சம்பந்தமுங்க, புடிக்காட்டிச் சும்மா சுத்திப் பாக்க வந்தமுங்க. யாருக்கும் கௌரவக் கொறச்சல் இல்லை பாருங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் படிக்கட்டில் பட்டுப்புடவையோடு ஏறுகிற கூட்டமெல்லாம் இந்தக் கூட்டம்தான். உண்மையிலேயே சுற்றிப் பார்க்க வந்தவன் டிராயர் போட்டிருப்பான்.

தரகர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு வசதியும் உண்டு. பெண்ணை நடக்கவிட்டுப் பார்க்கலாம். காலில் குறை இருந்தால் இருபதாவது படியில் தெரியும். நெஞ்சில் குறை இருந்தால் பாதி மலையில் தெரியும். பழைய லாரி வாங்குகிறவன் சங்ககிரி மேட்டில் ஓட்டிப் பார்த்து வாங்குவதில்லையா? அதுதான்.

உனக்கு நடந்ததை மறுபடி சொல்கிறேன். வீட்டில் யாரும் சொல்லாததால் எனக்கே சில நாள் அது நடந்ததா என்று சந்தேகம் வருகிறது.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக் குடும்பம். ஒரே பையன். அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. லாரிப் பட்டறையில் ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவன் மகளைப் பண்ணைக்காரர் கேட்டு வருகிறார் என்றால் சும்மாவா. நீ மட்டும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "கோழி எறகு பறக்குற ஊட்டுக்கு என்னைய அனுப்பறீங்களே, இங்கிருந்து நேராச் சுடுகாட்டுக்கே அனுப்புனா வண்டிச் செலவாச்சும் மிச்சமாகுமல்லோ?" அம்மா கரண்டியை ஓங்கினாள். அப்பா நிதானமாகச் சொன்னார்: "ஊடு வேற, பண்ணை வேற. கழுத்துல தாலி ஏறட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

தாலி ஏறியபின் எதைப் பார்த்துக்கொள்வது? உன் மூச்சுக் குழாயையா? நான் அப்போது போர் போடுகிற ரிக் வண்டிக் கம்ப்ரசர் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராகச் சேர்ந்த புதுசு. காற்றுப் போகிற வழி சுருங்கினால் என்ன ஆகும் என்று அப்பாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். பிரஷர் ஏறும், ஓட்டம் குறையும், கடைசியில் மெஷின் நிற்கும் என்றேன். அவர் பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் தரகர் முன்னால பேசிப்போடாத" என்றார். நீ அந்தப் பக்கம் இருந்து, "டேய் ஸ்பேனர், நான் என்ன உன்ற கம்ப்ரசரா?" என்றாய். நான் உன் பக்கம் பேசும்போதும் எனக்குத்தான் அடி விழும். உன் குணம் அது. செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். எனக்கு அப்படி நாலு வார்த்தை சேரவில்லை. உன் வாய் விளக்குமாறு.

அன்று காலையில் அம்மா உனக்கு இழுப்பு மாத்திரையை இரண்டு மடங்காகக் கொடுத்தாள். உன் கை நடுங்கியது அதனால்தான். வெட்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், அது ஒரு லாபம். பம்ப்பை எடுக்கக் கூடாது என்று அப்பா உன் கைப்பையைத் திறந்தே பார்த்தார். நீ அதற்கு முன்பே அதை என் பேன்ட் பாக்கெட்டில் போட்டிருந்தாய். "கேட்டாக் குடு. கேக்காமக் குடுத்தீன்னா கொன்னுபோடுவேன்."

அடிவாரத்தில் மாப்பிள்ளையின் அம்மா உன் தாடையைத் தொட்டு, "கண்ணு, சளி கிளின்னு ஒண்ணும் இல்லையில்ல?" என்றார். சாதாரணமாக, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில். அம்மா உனக்கு முன்னால் முந்திக்கொண்டு, "அய்யோ, ஒரு தும்மல்கூட வந்ததில்லைங்க" என்றாள். "அப்பறம் என்னங்க, உச்சி வரைக்கும் போயிட்டு வரலாமுங்க. கோபுரத்தைப் பாக்காமப் போனா வந்ததுக்கு அர்த்தமில்லைங்களே" என்றார் அந்தம்மா.

நீ ஏறியதை நான் மறக்கவே மாட்டேன். அப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை. மூச்சு முட்டும்போதெல்லாம் சுற்றுலாப் பயணியானாய். குரங்கைப் போட்டோ எடுத்தாய். பாறையில் வெட்டியிருந்த எழுத்தைக் குனிந்து படித்தாய், அது ஏதோ ஒரு சுரேஷ் எழுதியது. காவிரி எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டு, நான் கை நீட்டிக் காட்டும் வரைக்கும் நின்றாய். செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டினாய். மண்டபத்துத் தூணைத் தடவி, "என்ன வேலப்பாடுடா" என்றாய், அந்தத் தூண் வெறும் தூண். மாப்பிள்ளைப் பையன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு உன்னைவிட மோசமாக மூச்சு வாங்கினான். அவனை யாரும் கவனிக்கவில்லை. அவனுக்கு மூச்சு வாங்கினால் வசதி, உனக்கு வாங்கினால் வியாதி.

அந்தம்மா மட்டும் உனக்கு ஒரு படி கீழேயே வந்தார். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு. "பொண்ணுக்குப் போட்டோப் பைத்தியமாட்ட இருக்குதுங்க" என்றார். அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பாக்கெட்டில் என் கை அந்தப் பம்ப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. நீ கேட்கவில்லை.

கோபுரத்துக்குள்தான் உன்னைப் பிடித்தது. அந்த இருட்டும் வௌவால் எச்சமும். மேலே வந்து வெளிச்சத்தில் நின்றபோது உன் உதடு வெளுத்திருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பதுபோல் நின்றாய். நல்ல காற்று அடித்தது. ஊருக்கெல்லாம் காற்று, உனக்கு மட்டும் இல்லை. உன் நெஞ்சில் விசில் கேட்க ஆரம்பித்தது. காற்றின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அப்பா முகத்தில் நிம்மதி. ஏறியாகிவிட்டது, இனி இறங்குவதுதானே.

அப்போதுதான் அந்தம்மா கேட்டார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு, ஒரு பாட்டுப் பாடு சாமி. பொண்ணு பாக்க வந்தாப் பாடச் சொல்றது மொறதானுங்களே."

எவ்வளவு அழகாகக் கேட்டார் பார். முறைதான். அந்தக் காலத்தில் கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்துக் கேட்பார்கள். இவர் மலை உச்சியில் கேட்டார். அப்பா, "பாடு கண்ணு, ரெண்டே வரி" என்றார். அம்மா, "கூச்சப்படுதுங்க" என்றாள். நீ எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாய். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினாய்.

"குடுடா."

நான் கொடுத்தேன். நீ மூடியைத் திறந்தாய், குலுக்கினாய், வாயில் வைத்து அழுத்தினாய். மருந்தை உள்ளே இழுத்து, வாயை மூடிக்கொண்டு, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பத்து எண்ணினாய். அந்தப் பத்து விரலையும் இரண்டு குடும்பமும் தரகரும் நின்று பார்த்தார்கள். சம்பந்தம் உறுதியானால் மாற்றக் காரில் வைத்திருந்த பூவும் பழமும் வெயிலில் வாடப்போகிறது என்று எல்லாருக்கும் ஐந்தாவது விரலிலேயே தெரிந்திருக்கும்.

மூச்சை விட்டுவிட்டு நீ கேட்டாய்: "இப்பச் சொல்லுங்க, எந்தப் பாட்டு வேணும்? சினிமாப் பாட்டா, சாமி பாட்டா?"

"அடப் பாவமே" என்றார் அந்தம்மா. பாவம் உன்மேலா, தன் மகன்மேலா, தெரியவில்லை. அவருடைய வீட்டுக்காரர் அப்பாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "ஊட்டுக்குப் போயிக் கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க" என்றார். அப்பா, "ஆகட்டுமுங்க" என்றார். இரண்டு பேருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

அவர்கள் படியில் இறங்கி மறைந்ததும் அப்பா உன் கையிலிருந்து பம்ப்பைப் பிடுங்கிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே வீசினார். அது பாறையில் ஒருமுறை மோதி, கீழே முள்ளுக்குள் போனது. நீ எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாய், "பாதி மருந்து இருந்துச்சு."

இறங்கும்போது நீ எதற்கும் நிற்கவில்லை. குரங்கு, தூண், காவிரி எதுவும் உனக்கு வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் ஃபிரிட்ஜின் மேல் புதுப் பம்ப்பு ஒன்று டப்பாவோடு இருந்தது. அப்பா வாங்கி வைத்தார் என்று யாரும் சொல்லவில்லை. நீயும் கேட்காமல் எடுத்துக்கொண்டாய். உங்கள் இரண்டு பேருக்கும் சமாதானம் என்றால் அவ்வளவுதான்.

அப்புறம் உனக்கு மாப்பிள்ளை பார்ப்பது நின்றது. குமாரபாளையத்தில் நூல் டிப்போவில் கம்ப்யூட்டர் பில் போடப் போனாய். பஞ்சுத் தூசி ஆகாது என்று நான் கத்தியதற்கு, "தூசி இல்லாத எடம் ஆகாசத்துலதான் இருக்குதாமா, வேலை காலியிருந்தாச் சொல்லு" என்றாய். ஒரு மார்கழிக் காலையில் பஸ்ஸிலேயே ஆரம்பித்திருக்கிறது. பம்ப்பு கையில்தான் இருந்தது. காலியாகவும் இல்லை. மருந்துக்கு மீறிப் போய்விட்டது, அவ்வளவுதான். பக்கத்து சீட்டு அம்மாள் ஒருத்தர் உன்னை மடியில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாராம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது முடிந்துபோயிருந்தது.

வீட்டு வாசலில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்கள். நமக்குப் பெரியப்பா முறை ஆகிறவர் ஒருவர், காப்பியை ஆற்றிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "எதுக்குச் சொல்றனுன்னா, அன்னைக்கு அந்தக் கோழிப்பண்ணைக்காரரு தப்பிச்சுக்கிட்டாருங்க. இல்லீனா இன்னைக்கு அவுங்க ஊட்டு வாசல்ல நடக்கோணும் இது."

அப்பா சொன்னார்: "ஆமாங்க."

பழக்கத்தில் வந்த ஆமாங்கதான். யார் எதைச் சொன்னாலும் நம் ஊரில் முதலில் வருவது அது. ஆனாலும் உன் காலடியில் நின்றுகொண்டு சொன்னார். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நம் ஊரில் பையனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. இன்ஜினியர், சொந்த வீடு, கெட்ட பழக்கம் இல்லை என்று தரகர் என்னை விற்றுப் பார்த்தார், போணியாகவில்லை. வீட்டுக்கு வந்த முதல் இரண்டு பெண் வீட்டாரும் கூடத்தில் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டார்கள். அதன் பிறகு அம்மா படத்தைக் கழற்றி பீரோவுக்கு மேல் கவிழ்த்து வைத்தாள். உன் சாவையும் மாற்றினாள். இப்போது நீ டெங்குவில் போனவள். "டெங்குன்னா யாருக்கு வேணாலும் வரும்டா. வீசிங்ன்னா வம்சத்துக்கே வரும்னு ஓடிப்போயிருவாங்க" என்றாள். கொசுவின்மேல் பழியைப் போட்டால் கொசு வந்து மறுக்கப்போவதில்லை.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பெண். அப்பா மஞ்சள் வியாபாரம், பெண் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கோபுரத்தில் பார்க்கலாம் என்று தரகர் சொன்னபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா குனியவில்லை. "நல்ல எடந்தான். ஏறி எறங்குனா ஒடம்புல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுபோகும்" என்றாள்.

நான் சோற்றுக் கையோடு எழுந்து, "யாரு, நீயா இதைச் சொல்றே?" என்றேன்.

"நாம பட்டது போதுங்கண்ணு. அதான் சொல்றேன்."

அவள் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை. பட்டவளுக்குப் புத்தி வந்திருக்கிறது, வந்த புத்தி இது.

அடிவாரத்தில் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நானே போய், ஏற வேண்டாமுங்க, இங்கேயே கரும்புச்சாறு குடித்துக்கொண்டு பேசலாம் என்றேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் சட்டென்று, "ஏனுங்க? நான் கோபுரத்தைப் பாத்ததே இல்லை. உங்களுக்கு முடியலைன்னா இங்கயே உக்காந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஏற ஆரம்பித்தாள். சேலைக்கு அடியில் ஸ்போர்ட்ஸ் ஷூ. எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. ஓரிடத்தில்கூட அவள் நிற்கவில்லை. அம்மா ஒரு படி கீழே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள், அன்றைக்கு அந்தம்மா போன மாதிரியே. அந்தப் பெண்ணுக்கு மூச்சு சீராக இருந்தது. சர்வீஸ் முடிந்து அனுப்புகிற மெஷின் மாதிரி. கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வந்தது அக்கா. அவள் என்ன செய்தாள் பாவம். அந்த மூச்சில் ஒரு பங்கு உனக்கு இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

பெரியவர்கள் கோபுரத்து வாசல் மேடையில் உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் இருவரையும் மேலே போய்ப் பேசச் சொன்னார்கள். அதே வௌவால், அதே கைப்பிடிச் சுவர். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க அக்கா டெங்குல தவறிட்டாங்கன்னு சொன்னாங்க. எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருந்தீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு உசுரோட போய்ச் சேரலைங்க."

"டெங்குல அப்புடி பொசுக்குன்னு போகுமுங்களா?" என்றாள். கணக்கு டீச்சர். விடை ஒத்து வராவிட்டால் விடுவாளா?

நான் சொன்னேன். "டெங்கு இல்லைங்க. வீசிங். சின்ன வயசுல இருந்து."

அவள் வெளியே பார்த்தாள். கீழே உவர்மண் காடும் தறிக் கூடங்களும் புகை மூட்டத்தில் தெரிந்தன.

"எங்க ஸ்கூல்லயே எத்தனையோ பசங்க பம்ப்போட வர்றாங்க. அது ஒண்ணும் கொலைக் குத்தம் இல்லைங்க. எனக்கு உங்களப் புடிச்சிருக்குது, நேராவே சொல்றேன். ஆனா எங்கப்பாகிட்ட இதைச் சொல்லிப்போடாதீங்க. அவரு பயந்தவரு, வேண்டாம்னுருவாரு. கல்யாணம் ஆகட்டும். அப்பறம் நான் பாத்துக்கறேன்."

நல்ல பெண். அவள் சொன்னதில் புத்தி இருந்தது, தைரியமும் இருந்தது. தலையை ஆட்டியிருந்தால் தையில் கல்யாணம். ஆட்டத்தான் இருந்தேன்.

படியிறங்கி வெளியே வந்தேன். அம்மா மேடையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் அம்மாவிடம் உன் சாவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மூணே நாள் காச்சலுங்க. தண்ணி தண்ணின்னு கேட்டா. என்ற மடியிலதான் உசுரு போச்சு." கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பொய் இல்லை அக்கா, நிஜக் கண்ணீர். வராத காய்ச்சலுக்கும் கேட்காத தண்ணீருக்கும் அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். நீ போனது யாரோ ஒருத்தியின் மடியில். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மடியில். அதைக்கூட அம்மா உன்னிடமிருந்தும் அந்த அம்மாளிடமிருந்தும் எடுத்துக்கொண்டாள்.

"டெங்கு இல்லைங்க" என்றேன், அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்து. "எங்கக்காவுக்கு வீசிங். அதுலதான் செத்தா. எங்கம்மா பொறந்த ஊட்டுப் பக்கமும் ரெண்டு பேருக்கு இருக்குது. எனக்கு இல்லைங்க. எம்புள்ளைக்கு வராதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

தரகர் கைப்பையை மூடினார். என் அப்பா எழுந்து போய்க் குரங்கைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "தம்பி வெளிப்படையாப் பேசறாப்டி. சந்தோசமுங்க. ஊட்டுக்குப் போயிக் கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க."

இந்த ஊரில் ஒருவனை வெட்டிப்போட இதற்குமேல் மரியாதையான வார்த்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தப் பெண் என்னைக் கடந்து போகும்போது நின்றாள். சத்தம் போடவில்லை. "நாந்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னனல்லோ? உங்களுக்கு மனசு லேசாப் போச்சு. எனக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை மறுபடியும் இதே படி." ஷூ சத்தம் கேட்கக் கேட்க இறங்கிப் போனாள்.

அவள் சொன்னது சரிதான். நான் செய்தது நியாயமா, அவளுக்குச் செய்த துரோகமா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டால், "ரெண்டுந்தான்டா ஸ்பேனர்" என்பாய். ஒன்று மட்டும் தெரியும். அம்மா உனக்குக் காய்ச்சல் வரவழைத்துக்கொண்டிருந்தபோது நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. அது என் வாய் இல்லை. நான் படம் போட்டு விளக்குகிறவன். எல்லாரையும் நிற்க வைத்து, முகத்துக்கு நேராக ஒரே வரியில் முடிக்கிற அந்த வாய் உன்னுடையது. நகை நட்டு எதையும் நீ விட்டுவிட்டுப் போகவில்லை. இதைத்தான் எனக்கு விட்டுப் போயிருக்கிறாய். இதனால் பிழைப்பு விளங்காது. ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.

காரில் அப்பா ஓட்டினார். மெயின் ரோட்டில் ஏறியதும் அம்மா ஆரம்பித்தாள். முதலில் தரகரை, அப்புறம் என்னை, அப்புறம் என்னைப் படிக்க வைத்ததை. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு உன் பேரைச் சொன்னாள். முழுப் பேர். பள்ளிக்கூடத்தில் எழுதிய பேர்.

"அவ பொறப்புதானே நீயி! அவளும் இப்புடித்தான் ஊரு முன்னால மானத்தை வாங்குனா. மூச்சு இழுத்துக்கிட்டு நின்னப்பக்கூட அந்த வாய் அடங்குச்சா? சொன்ன பேச்சு எதைக் கேட்டா? ராத்திரி பூரா நெஞ்சத் தேச்சுவிட்ட எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாளா?"

நீ செத்த பிறகு அம்மா உன் பேரைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வசவில் டெங்கு இல்லை, காய்ச்சல் இல்லை, தண்ணீர் கேட்டது இல்லை. இழுப்பும் வாயும் அடங்காத்தனமுமாக நீயே முழுசாக இருந்தாய். சங்ககிரி வந்தது, போனது. அப்பா வண்டியை மெதுவாகவே ஓட்டினார். அம்மா உன் பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு பதில் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாள். நான் சொல்லவில்லை.